அகழியில் பூத்த மலர்கள்

இலண்டன் கோபுரக் கோட்டையைக் காணச் செல்வோர் மணிமுடிகள் வைக்கப்பட்டுள்ள கூடத்தையும் வெள்ளைக் கோபுரத்தையும் நாடியே விரைவர். கோட்டையைச் சூழ்ந்து கிடக்கும் அகழியை நின்று நோக்குவோர் சிலரே. ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வகழிக்காகவே மக்கள் திரண்டனர்.

முதலாம் எட்வர்டு மன்னன் 1275க்கும் 1285க்கும் இடையே கோட்டையை விரிவாக்கியபோது தோன்றிய அகழி இது. தேம்சு ஆற்றின் நீரே இதனை நிரப்பியது. பகைவரைத் தடுக்க வெட்டிய பள்ளத்தில் நாளடைவில் வண்டலும் கழிவும் சேர்ந்தன; நாற்றம் பெருகியது. கோட்டைக் காவலர்களே நோயுற்று மடியலாயினர். பகைவன் செய்ய இயலாததை அகழி செய்தது! கோட்டைத் தலைவராயிருந்த வெல்லிங்டன் கோமகன் நீரை வடிக்குமாறு 1843இல் ஆணையிட்டார்; 1845இல் அகழி வறண்ட நிலமாயிற்று.

அதன் பின்னர் அது பயிற்சித் திடலாயிற்று. 1914 ஆகத்து மாதத்தில் இலண்டன் பங்குச் சந்தை ஊழியர் பலர் படையில் சேர்ந்து உறுதிமொழி ஏற்றது இங்கேதான். இரண்டாம் உலகப் போரின்போது இதே மண்ணில் காய்கறி பயிரிட்டனர். 2014இல் முதற் போரின் நூற்றாண்டு நினைவாக 888,246 சிவந்த பீங்கான் மலர்கள் இங்கு நடப்பட்டன. போரில் வீழ்ந்த பிரிட்டானிய, குடியேற்ற நாட்டு வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மலர். அவை வாடா மலர்கள்; வண்டு நாடா மலர்கள்.

இரண்டாம் எலிசபெத்து அரசியார் அரியணை ஏறி எழுபது ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி 2022இல் உயிருள்ள மலர்களுக்கு வாய்ப்புக் கிட்டியது. புல்வெளி அகற்றப்பட்டு இரண்டு கோடி விதைகள் தூவப்பட்டன. மலர்க் கலவைகளை அமைத்தவர் செபீல்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் நைசல் டன்னெட்டு. நில அமைப்பை வகுத்த கிராண்ட் அசோசியேட்சு நிறுவனமே, 2012இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர்க் கரையோரப் பூந்தோட்டத்தையும் வடிவமைத்தது என்பது நம்மவர் அறியத்தக்கது. சிறுவரும் முதியோரும் சறுக்குமரத்தில் வழுக்கி அகழிக்குள் இறங்கினர். எவரும் நுழையாதிருக்க வெட்டிய பள்ளத்துள் இப்படியும் ஒரு நுழைவு!

வேண்டுமென்றே விதைத்தவற்றைக் காட்டுப்பூ எனலாமா என்று வினவுவோர் உண்டு. கசகசாச் செடியும் நீலச் சோளப்பூவும் ஐரோப்பிய வயல்களில் தாமே முளைப்பவை. ஆதலின் அப்பெயர் பெரிதும் பொருந்தும். எனினும் அவை அரச விழாவின் நாளுக்குக் கட்டுப்படவில்லை. சூன் முதல் நாள் வாயில் திறந்தபோது பச்சை இலைகளே மிகுந்திருந்தன. கட்டணம் செலுத்தி வந்தோர் சிலர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் உண்டெனினும், பூக்கும் நாளைத் தாளில் அச்சிட்டது மனிதர் பிழையேயன்றிச் செடியின் பிழையன்று. நாள்கள் செல்லச் செல்ல அகழி வண்ணம் பெற்றது, தேனீக்களும் வந்தன.

செப்டம்பர் 8ஆம் நாள் அரசியார் மறைந்தார். அவரைச் சிறப்பிக்கத் தொடங்கிய காட்சி 18ஆம் நாள் முடிவுற்றது. மறுநாள் அவருடைய நல்லடக்கம் நடைபெற்றது. பழைய புல்வெளி மட்டும் திரும்பவில்லை. 2023இலும் அகழியில் மலர்கள் பூத்தன.