அகதா கிறிஸ்டியின் முதல் 25 பவுண்டு

அகதா கிறிஸ்டி எழுத வந்த கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். அக்கா மேட்ஜோடு துப்பறியும் நாவல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் அகதா. நானும் ஒன்று எழுதிப் பார்க்கப் போகிறேன் என்கிறார். உன்னால் முடியாது, பந்தயமே கட்டுகிறேன் என்கிறார் அக்கா. தங்கை எழுதிக் காட்டுகிறார்; புகழ் வருகிறது. பந்தயம் நடந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சுக்கும் புத்தகம் கடைக்கு வந்ததற்கும் நடுவில் பல ஆண்டுகளும் ஓர் உலகப் போரும் ஆயிரக்கணக்கான மணிநேரச் சம்பளமில்லா வேலையும் மோசமான ஓர் ஒப்பந்தமும் இருக்கின்றன. பந்தயக் கதை இனிப்பாக இருப்பதால் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மற்றதை இங்கே பார்ப்போம்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோர ஊரான டார்க்கியில் 1890 செப்டம்பரில் பிறந்தவர் அகதா. வசதியான குடும்பம். 1901இல் அப்பா இறந்தார், அப்போது அகதாவுக்கு 11 வயது. அதற்குள்ளாகவே பணம் கரையத் தொடங்கியிருந்தது. அக்காவைப் பள்ளிக்கு அனுப்பிய அம்மா கிளாராவுக்கு இரண்டாவது பெண் வளரும்போது வேறொரு கொள்கை பிடித்துவிட்டது. எட்டு வயதுவரை குழந்தைகள் படிக்கவே கற்கக் கூடாதாம்! அகதா யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஐந்து வயதுக்குள் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு பாரிஸில் கொஞ்சம் இசை, கொஞ்சம் பிரெஞ்சு. திருமணச் சந்தைக்குத் தேவையான அளவு.

அந்த வீட்டில் எழுதுவது தடை செய்யப்பட்ட காரியம் அல்ல. அம்மா கவிதை எழுதுவார். அக்காவின் கதைகள் 'வேனிட்டி ஃபேர்' இதழில் வந்திருந்தன. ஆனால் எழுத்தும் பூத்தையலும் அங்கே ஒரே தட்டில்தான் இருந்தன. பொழுதுபோக்கு. காய்ச்சலில் கிடந்த மகளிடம் ஒரு கதை எழுதேன் என்று அம்மா சொன்னதும் பொழுது போவதற்காகத்தான். அகதா அக்காவின் தட்டச்சு இயந்திரத்தில் அடித்து அனுப்பிய கதைகள் திரும்பி வந்தன. கெய்ரோவைக் களமாக வைத்து எழுதிய முதல் நாவலும் தேறவில்லை. அண்டை வீட்டுக்காரரான நாவலாசிரியர் ஈடன் ஃபில்பாட்ஸ் அதைப் படித்து நல்ல யோசனைகள் சொன்னார், தன் இலக்கிய முகவர் ஹியூஸ் மாஸிக்கு அறிமுகக் கடிதமும் கொடுத்தார். மாஸி கையெழுத்துப்படியைத் திருப்பிக் கொடுத்து, இதை விட்டுவிட்டு வேறொன்று எழுதுங்கள் என்றார்.

1914இல் போர் வந்தது. டார்க்கி நகர மண்டபம் செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனை ஆனது. அகதா அங்கே தொண்டராகச் சேர்ந்தார். அந்த டிசம்பரில் விமானப்படையிலிருந்த ஆர்ச்சி கிறிஸ்டியை மணந்தார். கணவர் போர்முனைக்குத் திரும்பினார், இவர் வார்டுக்குத் திரும்பினார். தரை துடைப்பது, வாந்தி அள்ளுவது, வெட்டி எடுத்த காலை உலைக்குக் கொண்டுபோவது எல்லாம் அந்த வேலையில் அடக்கம். செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கின்றன. 1914 அக்டோபர் முதல் 1916 டிசம்பர் வரை 3,400 மணிநேரம், சம்பளம் இல்லை. அதன் பிறகு 1918 செப்டம்பர் வரை, மருந்தகத்தில், ஆண்டுக்கு 16 பவுண்டு.

இந்த மருந்தகத்தில்தான் எழுத்தாளர் உருவானார் என்பேன். பழைய தலைமுறை கம்பவுண்டர் என்று சொல்லுமே, அந்த வேலை. மருந்துகளை எடை போட்டு, அரைத்து, கலந்து, சீசாவில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கான தேர்வுக்காக ஊரிலிருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவரிடமும் அகதா பயிற்சிக்குப் போனார். ஒருநாள் அவர் ஆசனவாயில் வைக்கும் மருந்து ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கணக்கில் தசமப்புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்துவிட்டது. மருந்து பத்து மடங்கு. பக்கத்தில் நின்ற பயிற்சிப் பெண்ணுக்குத் தவறு தெரிந்துவிட்டது. ஊரிலேயே பேர்பெற்ற மருந்தாளுநரிடம் 'உங்கள் கணக்கு தப்பு' என்று எப்படிச் சொல்வது? அகதா தடுக்கி விழுவதுபோல் நடித்தார். தட்டைத் தட்டிவிட்டு, கீழே விழுந்த மருந்துகளைக் காலால் நன்றாக மிதித்து நசுக்கினார். பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

அவரது மறைவுக்குப் பின் 1977இல் வெளியான தன்வரலாற்றில் இதை அவர் சிரிப்போடுதான் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்ததைச் சொல்ல முடியாத இடத்தில், உயிரைக் காப்பாற்றவே கைதவறிய அசடாக வேடம் போட வேண்டியிருந்திருக்கிறது. அதே மனிதர் சட்டைப்பையில் 'கியூராரே' என்னும் கொடிய விஷத்தைக் கட்டியாக வைத்துக்கொண்டு திரிந்தார். அது பையில் இருந்தால் தனக்குப் பலம் வந்ததுபோல் இருக்கிறது என்று அகதாவிடம் சொல்லியிருக்கிறார். வெளியே மரியாதைக்குரியவர், உள்ளே வேறொருவர். துப்பறியும் நாவலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மருந்தகத்தில் சில நேரம் வேலை குவியும், சில நேரம் ஒன்றுமே இருக்காது. சும்மா இருந்த அந்த நேரங்களில், சுற்றிலும் விஷப்புட்டிகள் இருக்க, பழைய பந்தயம் நினைவுக்கு வந்தது. கொலை விஷத்தால்தான் நடக்கும் என்று முடிவானது. டார்க்கியில் தங்கியிருந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்ததால் துப்பறிபவர் ஒரு பெல்ஜியக்காரர் ஆனார். (நாவலைப் படிக்காதவர்கள் இதற்குமேல் வரும் சில வரிகளைத் தாண்டிவிடலாம்.) விஷம் ஸ்டிரிக்னின், நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருப்பது. அந்தக் காலத்து டானிக்குகளில் துளி அளவு சேர்ப்பார்கள். அதோடு புரோமைடு கலந்தால் ஸ்டிரிக்னின் பிரிந்து சீசாவின் அடியில் படியும். கடைசி வேளையைக் குடிப்பவர் மொத்த விஷத்தையும் குடிப்பார். கொலைகாரர் பக்கத்தில் இருக்கவே வேண்டாம். மருந்து கலக்கும் மேசையில் நின்ற ஒருவருக்கே தோன்றக்கூடிய கொலை இது. நாவலில் மருந்தகத்தில் வேலை செய்யும் சிந்தியா என்ற இளம்பெண்ணும் வருகிறாள்.

பாதியில் எழுத்து நின்றுபோனது. விடுப்பை எடுத்துக்கொண்டு எங்காவது தனியாகப் போய் எழுதி முடி என்று அனுப்பியவர் அம்மா. டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஹேடோர் என்ற இடத்திலிருந்த விடுதியில் இரண்டு வாரம். காலையில் எழுத்து, மதியம் வெட்டவெளியில் நடந்துகொண்டே பாத்திரங்களின் உரையாடலை உரக்கப் பேசிப் பார்ப்பது. 1916இல் நாவல் முடிந்தது. எல்லாப் பெண்களுக்கும் இப்படி இரண்டு வாரம் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். விடுதிக்குக் கொடுக்கப் பணமும் 'போய் எழுது' என்று சொல்லும் அம்மாவும் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஹாடர் அண்ட் ஸ்டௌட்டன் திருப்பி அனுப்பியது. மெத்துவன் திருப்பி அனுப்பியது. பிறகு பாட்லி ஹெட் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு அவரே மறந்துபோனார். போர் முடிந்தது. கணவரோடு லண்டனில் குடியேறினார். 1918இல் 30 வயது நிரம்பிய பெண்களுக்கு, அதுவும் சொத்துத் தகுதியோடு, வாக்குரிமை வந்தது. 28 வயது அகதா அதில் சேரவில்லை. 1919 ஆகஸ்டில் மகள் ரோசலிண்ட் பிறந்தாள். அதன் பிறகுதான் கடிதம் வந்தது, ஏறத்தாழ இரண்டு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு. பதிப்பாளர் ஜான் லேன் நேரில் வரச் சொன்னார்.

நீதிமன்றக் கூண்டில் நின்று பொய்ரோ எல்லாவற்றையும் விளக்கும் கடைசிக் காட்சியை மாற்றச் சொன்னார் லேன். நல்ல யோசனை. வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துக் கொலைகாரரைக் காட்டும் காட்சி அதனால்தான் பொய்ரோ கதைகளுக்குள் வந்தது. அதே சந்திப்பில் ஒப்பந்தத்தையும் நீட்டினார். இங்கிலாந்தில் 2,000 பிரதிகள் விற்ற பிறகுதான் 10 சதவீத ராயல்டி. தொடர்கதை உரிமையில் பாதி பதிப்பகத்துக்கு. அடுத்த ஐந்து புத்தகங்களையும் முதலில் இவர்களிடமே கொடுக்க வேண்டும். புத்தகம் வெளிவந்தால் போதும் என்றிருந்த அகதா எதையும் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டார்.

அவர் ஏமாளி என்று சொல்லிவிடுவது சுலபம். தசமப்புள்ளி தள்ளியதைக் கண்டுபிடித்த கண் அது. ஆனால் எழுத்து ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்ற எண்ணமே அவரிடம் இல்லை. பல புத்தகங்கள் வந்த பிறகும் படிவங்களில் தொழில் என்ற இடத்தில் 'திருமணமான பெண்' என்றுதான் எழுதுவாராம். 3,400 மணிநேரத்தைச் சும்மா கொடுத்துப் பழகியவருக்கு 2,000 பிரதிகளைச் சும்மா கொடுப்பது பெரிதாகத் தெரிந்திருக்காது. ஜான் லேனுக்கு அது தெரிந்திருந்தது.

'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' 1920 அக்டோபரில் அமெரிக்காவிலும் 1921 ஜனவரியில் இங்கிலாந்திலும் வெளிவந்தது. சமர்ப்பணம் அம்மாவுக்கு. கோகோ பானத்தின் பெயரை எப்படி எழுத்துக்கூட்டுவது என்பதில்கூடப் பதிப்பகம் விட்டுக்கொடுக்கவில்லை. அகதா சொன்னது சரி, அச்சானது தப்பு. விற்பனை 2,000ஐ நெருங்கி நின்றது. ராயல்டி வரவில்லை. தொடர்கதை உரிமையில் அவர் பங்காக வந்த 25 பவுண்டுதான் மொத்த வருமானம். மதிப்புரைகளில் அவரை அதிகம் மகிழ்வித்தது மருந்தாளுநர்களின் இதழில் வந்தது. விஷத்தைச் சரியாகத் தெரிந்து எழுதியிருக்கிறார் என்று அது பாராட்டியிருந்தது.

அடுத்த நாவலை எழுதியது பணத்துக்காக. டார்க்கி வீட்டைக் காப்பாற்ற அம்மா திணறிக்கொண்டிருந்தார். மூன்றாவது நாவலின் அட்டைப்படம் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் வந்தபோது சண்டை போட்டு, இனி அட்டையை முன்கூட்டியே காட்டுவோம் என்ற வாக்குறுதியை வாங்கினார். பிறகு 'ஈவினிங் நியூஸ்' நாளிதழ் ஒரு நாவலைத் தொடராக வெளியிட 500 பவுண்டு கொடுத்தது. அதில் மோரிஸ் கௌலி கார் வாங்கினார். (எழுத நினைக்கும் பெண்ணுக்கு ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்று வர்ஜீனியா உல்ஃப் எழுதியது சில ஆண்டுகள் கழித்து, 1929இல்.) வருமானவரி அலுவலகம் எழுத்து வருமானத்துக்குக் கணக்குக் கேட்டு எழுதியது. அகதாவிடம் கணக்கே இல்லை. அவரது எழுத்தைத் தொழில் என்று முதலில் கண்டுகொண்டது வரி அலுவலகம்தான் போலிருக்கிறது!

அந்தக் கடிதம் அவரை மீண்டும் ஹியூஸ் மாஸியின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனது. மாஸி இறந்திருந்தார். அங்கிருந்த எட்மண்ட் கார்க் என்ற இளைஞர் பாட்லி ஹெட் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு அதிர்ந்துபோனார். 1924இல் காலின்ஸ் பதிப்பகத்தோடு புதிய ஒப்பந்தம் போடப்பட்டது: மூன்று நாவல்கள், ஒவ்வொன்றுக்கும் 200 பவுண்டு முன்பணம். பாட்லி ஹெட்டுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிப் புத்தகத்தை 1925இல் கொடுத்து முடித்தார். அடுத்த ஆண்டு 'ரோஜர் அக்ராய்ட் கொலை' காலின்ஸ் வெளியீடாக வந்தது.