கல்லில் எழுதிய மருந்து

அரசர் பெற்ற வெற்றியையும் செல்வர் அளித்த கொடையையும் கல்லில் பொறிப்பது உலகெங்கும் நிலவிய பழைய வழக்கம். தாம் கற்றுத் தெளிந்த தத்துவத்தையே ஊரார் அனைவரும் படிக்குமாறு கல்லில் வெட்டுவித்த பெரியார் ஒருவரும் உண்டு. அவர் பெயர் டயோஜெனிஸ். சாடிக்குள் வாழ்ந்ததாகக் கதையில் வரும் டயோஜெனிஸ் வேறு. இவர் அவருக்கு 400 ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டவர்.

இன்றைய துருக்கியின் தென்மேற்கில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் ஒய்னோஆண்டா என்னும் கிரேக்க மொழி வழங்கிய ஊர் இருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அவ்வூர்த் தூண் மண்டபத்துச் சுவரில் இக்கல்வெட்டு அமைந்தது. முழு வடிவில் அது ஏறத்தாழ 25,000 சொற்கள் கொண்டிருக்கும் என்பது அறிஞர் கணிப்பு.

அதன் சாரம் எபிக்யூரஸின் நெறி. கி.மு. 341-இல் பிறந்த அவ்வறிஞர் ஏதென்ஸ் நகரில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு வாழ்ந்தார். பெண்டிரும் அடிமைகளும் அங்கே இடம் பெற்றனர். இன்பமே வாழ்வின் நோக்கம் என்று அவர் கூறியதைக் கொண்டு, உண்டு களிப்பதே அவர் கொள்கை எனப் பலர் பழித்தனர். அவரோ உடலில் நோவின்மையையும் உள்ளத்தில் கலக்கமின்மையையுமே இன்பம் என்றார். ரொட்டியும் நீரும் அவருக்குப் போதுமானவை. சிறிது பாலாடைக் கட்டி கிடைத்தால் அதுவே விருந்து.

ஆசைகளை அவர் மூவகையாகப் பிரித்தார். பசிக்கு உணவு வேண்டுவது இயல்பானது, இன்றியமையாததும் கூட. சுவைமிக்க உணவை நாடுவது இயல்பானதே; ஆயினும் இன்றியமையாததன்று. முடிசூட்டுப் பெறவும் சிலை வைக்கப் பெறவும் விழைவது இரண்டுமன்று.

அங்ஙனமாயின், எளிமை போற்றியவருக்கு இத்துணைப் பெரிய சுவர் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடையும் கல்வெட்டிலேயே உள்ளது. தாம் முதுமையின் எல்லையில் நிற்பதாகவும், மக்கள் தவறான எண்ணங்களால் கொள்ளைநோய் கண்டவர்போல் வருந்துவதாகவும், அவர்களுக்கு மருந்தைப் பொதுவிடத்தில் வைக்க விரும்பியதாகவும் அவர் கூறுகிறார். இனிப் பிறக்கப் போகிறவர்களையும், அயலார் எனப்படுவோரையும் அவர் மறக்கவில்லை. உலகம் முழுவதும் ஒரே தாயகம் என்பது அவர் கருத்து.

அச்சுவர் நிலைக்கவில்லை. அதன் கற்களைப் பெயர்த்துப் பிற்காலத்தார் வேறு கட்டடங்களுக்குப் பயன்படுத்தினர். 1884-இல் பிரெஞ்சு அறிஞர் சிலர் முதல் துண்டுகளைக் கண்டனர். 1968 முதல் மார்ட்டின் ஃபெர்குசன் ஸ்மித் என்னும் ஆங்கில அறிஞர் பல ஆண்டுகள் உழைத்துப் பலவற்றைச் சேர்த்தார். இன்று கிடைத்துள்ள துண்டுகள் ஏறத்தாழ 300 ஆகும். எனினும் பெரும்பகுதி இன்னும் கிடைக்கவில்லை.

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர் நாம். உணவும் உறையுளும் பிள்ளைகளின் கல்வியும் தேடியே வந்தோம். அவை கிட்டிய பின்னரும் நம்மில் பலருக்கு அமைதி கிட்டவில்லை. அடுத்த வீட்டாரிடம் உள்ளது நம்மிடம் இல்லையே என்னும் ஏக்கம் வளர்கிறது. நாம் தேடுவது மூவகையுள் எவ்வகையைச் சேர்ந்தது என்று ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. அயலாருக்கென அம்முதியவர் வைத்துச் சென்ற மருந்தில் நமக்கும் பங்குண்டு.