தொடங்குமுன் எழுந்த செய்தி: மொழிக்கல்வி முயற்சிகள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மொழித்துறையில் புதுமுயற்சி ஒன்று பயன்பாட்டிற்கு வருமுன்னரே அதனைப் பற்றிய செய்தி நாடெங்கும் பரவிவிடுதல் உண்டு. அத்தகைய செய்தியை வரலாற்றுச் சான்றாக எவ்வளவிற்குக் கொள்ளலாம் என்பது ஈண்டு ஆராயப்பெறுகின்றது.

தமிழ் கற்க விரும்பிய அயல்நாட்டார் முன்னாளில் தமிழகத்திற்கே வரவேண்டியிருந்தது. பழனி மலைத்தொடரில், பெருமாள்மலைக்கு அப்பாலுள்ள கோடைக்கானலில், அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் இல்லங்கள் அமைத்தனர். அம்மிஷனைச் சார்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் என்பாரே 1913இல் தொடங்கிய தமிழ்ப் பேரகராதிப் பணிக்கு முதற் பதிப்பாசிரியர் ஆவார். அப்பணிக்கு முதலில் மதிப்பிட்ட செலவு 1,00,000 ரூபாய். முடிவில் ஆனதோ 4,10,000 ரூபாய். தொகுதிகள் 1924 முதல் 1936 வரையிலும், பின்னிணைப்பு 1939இலும் வெளிவந்தன. முன்மதிப்பீட்டை மட்டும் நம்பி எழுதுவோர் வேறொரு நூலின் வரலாற்றையே எழுதியவராவர்.

கற்பாரைத் தேடித் தமிழே செல்லும் காலம் இணையத்தால் வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டில், உலகெங்கும் வாழும் தமிழர்க்கு இணையவழித் தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று அமையும் என்று அந்நாள் முதலமைச்சர் மு. கருணாநிதி அறிவித்தார். அது தொடங்கப்பெற்றது 17-2-2001இல். இடைப்பட்டவை ஈராண்டுகள். அந்நாளில் கணினித் தமிழ் எழுத்துருக்கள் பலவாய்ப் பிரிந்து கிடந்தன. ஓர் எழுத்துருவில் அமைந்ததனைப் பிறிதொன்றாற் படித்தல் இயலாது. விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டிற்கும் பொதுத்தரம் காணுதலும் அம்மாநாட்டின் பொருளாக இருந்தது. ஆதலின், அறிவிப்பைத் தனியே நோக்கின் அது வாக்குறுதி மட்டுமே. தரம் வகுத்த முயற்சியோடு சேர்த்து நோக்கின், விதைக்குமுன் நிலம் பண்படுத்தப்பட்டமை புலனாகும்.

பிறநாட்டுச் சான்று ஒன்றும் காண்போம். அமெரிக்க நாட்டு டுவோலிங்கோ, நிறுவனர் லூயிஸ் வான் ஆன் 2011இல் ஆற்றிய உரையால் முன்னரே அறியப்பட்டு, 2012 ஜூன் திங்களிற் பொதுமக்கட்குத் திறக்கப்பட்டது. கற்பாரைக் கொண்டே இணையப் பக்கங்களை மொழிபெயர்த்தல் அவ்வுரையில் முதன்மை பெற்ற நோக்கம். பின்னர் அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது, மொழிப்பயிற்சியே நிலைத்தது.

இவற்றான் அறியத்தகுவது யாது? முன்னறிவிப்பு ஒரு முயற்சி நடந்த முறையைக் காட்டாது. தொடங்கியோர் எதனைக் குறையெனக் கண்டனர் என்பதனைக் காட்டும். அறிவித்த ஆண்டு, தொடங்கிய ஆண்டு, கற்பார்க்குப் பயன்பட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் வேறுவேறாகக் குறித்தல் ஆராய்ச்சியாளர் கடன். அதற்கு அக்காலத்து நாளிதழ்களையும் மாநாட்டு மலர்களையும் பேணிவைத்தல் இன்றியமையாதது. இணையப் பக்கங்களோ தாளினும் விரைந்து மறைவன.