ஆங்கிலக் கடிதத்தில் ஏன் இன்னும் "பெக்" பண்ணுகிறோம்?



ஓ.எல். பிள்ளைகளும் பெற்றோரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கடிதத்தில் 'ஆஸ்க்' என்று எழுதினால் மரியாதைக் குறைவா? 'ரிக்வெஸ்ட்' போடுவதா, 'ஐ பெக்' என்று தொடங்குவதா?" இது வெறும் இலக்கணக் கேள்வி போலத் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் ஏறக்குறைய ஆயிரம் வருட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும்.

1066ல் பிரான்சின் நோர்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, வயலிலும் சந்தையிலும் ஆங்கிலம் என்று ஆனது. அதனால்தான் ஒரே வேலைக்கு இரண்டு வினைச்சொற்கள் வந்தன. ஆஸ்க், பிகின், பை, ஹெல்ப் ஆகியவை குடிமக்களின் பழைய சொற்கள். ரிக்வெஸ்ட், கொமென்ஸ், பேர்ச்சஸ், அசிஸ்ட் ஆகியவை பிரெஞ்சு வழியாக வந்தவை. ஆண்டவனின் சொல் "மரியாதை" ஆனது, ஆளப்பட்டவனின் சொல் "சாதாரணம்" ஆனது. பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை.

1362ல்தான் இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தது. காரணம், மக்களுக்கு பிரெஞ்சு விளங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது! அலுவலக மொழி விளங்காமல் தவித்தவர்கள் நாம் மட்டுமல்ல, ஆங்கிலேயரும்தான்.

இனி "பெக்" என்ற சொல்லைப் பாருங்கள். முதலில் அது "ஐ பெக் லீவ் டு சே" என்றிருந்தது. "சொல்ல அனுமதி வேண்டுகிறேன்" என்பதே அதன் பொருள். காலப்போக்கில் "லீவ்" உதிர்ந்து "பெக்" மட்டும் மிஞ்சியது. கடித முடிவில் வரும் "யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்", அதாவது "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்", அக்காலத்து இங்கிலாந்தில் பெரியவர்களே ஒருவருக்கொருவர் எழுதிய வாய்பாடு. எழுதியவரும் அதை நம்பவில்லை, வாசித்தவரும் நம்பவில்லை.

அதே வாய்பாடு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தபோது பொருள் மாறியது. கோல்புறூக் கமரன் சீர்திருத்தங்கள் 1833ல் நடைமுறைக்கு வந்த பின் நிர்வாகத்தில் ஆங்கிலத்தின் பிடி இறுகியது. காணிப் பிரச்சினையோ வரிப் பிரச்சினையோ, ஆங்கிலம் தெரியாதவர் கச்சேரிக்குப் போகுமுன் மனு எழுதுபவரிடம் காசு கொடுத்து எழுதுவிக்க வேண்டியிருந்தது. தன் குறையைச் சொல்லும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தார்கள். இங்கே "பெக்" என்பது வாய்பாடு அல்ல, உண்மையான கெஞ்சல். அந்த "பெட்டிஷன்"தான் இன்றும் நம் வாயில் "பெட்டிசம்" என்று வாழ்கிறது.

இந்த நிலையை உணர்ந்தவர்களில் ஒருவர் சட்டத்தரணி சித்தி லெப்பை அவர்கள். மிஷனரிப் பாடசாலைக்குப் போனால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்று நம் முன்னோர் அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் விலையும் இருந்தது. 1882ல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கத்தையும் நவீனக் கல்வியையும் சேர்த்துக் கற்கலாம் என்று எடுத்துச் சொன்னார். 1892ல் மருதானையில் உருவான மத்ரஸாதான் பிறகு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. நம் கடிதத்தை நாமே எழுதும் நிலை இப்படிப் பாடுபட்டு வந்தது.

இதற்கிடையில் ஆங்கிலேயர் என்ன செய்தார்கள்? தங்கள் அலுவலக மொழியையே சீர்திருத்தினார்கள். பிரித்தானியத் திறைசேரி கேட்டுக்கொண்டதன் பேரில் சேர் ஏர்னஸ்ட் கவர்ஸ் 1948ல் "பிளெய்ன் வேர்ட்ஸ்" என்ற நூலை அரச ஊழியர்களுக்காக எழுதினார். சாதாரண சொல்லே போதும், வாசிப்பவருக்கு விளங்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1948 நாம் சுதந்திரம் பெற்ற வருடமும்கூட! அவர்கள் கைவிட்டதை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். "டூ த நீட்ஃபுல்" அங்கே பழங்கதை, இங்கே இன்றும் நடக்கிறது. அதன் தமிழ்த் தம்பிதான் "ஆவன செய்யவும்".

சரி, இன்று எப்படி எழுதுவது?

"ஐ ஆம் ரைட்டிங் டு ஆஸ்க் ஃபோர்" என்று தாராளமாகத் தொடங்கலாம். அதில் மரியாதைக் குறைவு இல்லை. "ரிக்வெஸ்ட்" வினையாக வந்தால் பின்னால் "ஃபோர்" வேண்டாம். "ஆஸ்க்" என்றால் "ஃபோர்" வேண்டும். "இன்ஃபோர்ம் டு யூ" அல்ல, "இன்ஃபோர்ம் யூ". தமிழில் "உங்களுக்கு" என்று நினைப்பதால்தான் அந்த "டு" வந்து ஒட்டுகிறது. "டிஸ்கஸ்" என்பதற்குப் பின் "எபவுட்" தேவையில்லை. "டியர் சேர்" என்று தொடங்கினால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி", பெயர் சொல்லித் தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி".

ரோமச் சக்கரவர்த்தி ஹிரக்ளியஸுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய கடிதம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. பிஸ்மில்லாஹ், யாரிடமிருந்து, யாருக்கு, பிறகு ஸலாம், பிறகு விடயம். பெறுபவருக்கு உரிய மதிப்பு இருக்கிறது. கெஞ்சல் இல்லை, சுற்றிவளைப்பும் இல்லை. நமக்கு இதைவிட நல்ல மாதிரி எது?

கடைசியாக ஒன்று. 1987ல் வந்த 13வது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது நமக்குள்ள உரிமை. அதற்காக ஆங்கிலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பிள்ளை இரண்டையும் படிக்கட்டும். ஆனால் எந்த மொழியில் எழுதினாலும் தலை நிமிர்ந்து எழுதட்டும். உரிமையைக் கேட்பவர் யாசிக்கத் தேவையில்லை. யாசிப்பது அல்லாஹ்விடம் மட்டும்.

வீட்டில் ஓ.எல். பிள்ளை இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.