ஒலிவாங்கி அணி நிலைபொருள் மூலநிரல்

ஒலிவாங்கி அணி நிலைபொருள் மூலநிரல் என்பது குரலுக்கு மறுமொழி தரும் கருவிகளில் உள்ள பல ஒலிவாங்கிகளைக் கூட்டாக இயக்கும் நிரலின், மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம் ஆகும். கருவியுடன் வருவது பெரும்பாலும் இருமக் கோப்பு மட்டுமே. வாங்கியவருக்கு மூலநிரல் கிடைக்குமா என்பது, கருவியில் எந்தச் சில்லு உள்ளது, நிரல் எந்த உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது என்பவற்றைப் பொறுத்தது.

நிலைபொருளின் பணி

அறையின் ஒரு மூலையிலிருந்து பேசுபவரின் குரல் ஒவ்வொரு ஒலிவாங்கியையும் சற்று வெவ்வேறு நேரத்தில் அடைகிறது. இரண்டு ஒலிவாங்கிகளுக்கு இடையே 6.4 செ.மீ. தொலைவு இருந்தால், இந்த வேறுபாடு அதிகபட்சம் 0.19 மில்லிவினாடி. வினாடிக்கு 16,000 மாதிரிகள் எடுக்கும் கருவியில் இது ஏறத்தாழ 3 மாதிரிகளே. இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கொண்டுதான் நிலைபொருள் பேசுபவரின் திசையைக் கணிக்கிறது. அத்திசையிலிருந்து வரும் ஒலியைக் கூட்டி, பிற ஒலிகளைக் குறைப்பது கற்றையாக்கம் எனப்படும். கருவியே ஒலிக்கும் இசையைக் கழிப்பது எதிரொலி நீக்கம் ஆகும். சில்லு நிறுவனங்கள் மறைக்க விரும்புவதும் பெரும்பாலும் இக்கணிப்பு முறைகளையே.

சட்ட அடிப்படை

லினக்சு கருனி குனூ பொதுமக்கள் உரிமத்தின் 2ஆம் பதிப்பின் கீழ் உள்ளது. அதனை இரும வடிவில் வழங்குபவர் மூலநிரலையும் உடன் தரவேண்டும். அல்லது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்துமூல உறுதிமொழி அளிக்கவேண்டும். எனவே லினக்சில் இயங்கும் குரல் கருவி ஒன்றை வாங்கியவர், அதன் மாதிரிப் பெயரையும் நிலைபொருள் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டு, அப்பதிப்புக்குரிய மூலநிரலைக் கேட்கலாம். பதிப்பு எண் இன்றிக் கேட்பவர்களுக்குப் பொருந்தாத பழைய நிரலே கிடைக்கக்கூடும்.

இக்கடமை அவ்வுரிமத்தின் கீழ் வரும் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. ஒலியைச் செயலாக்கும் தனிச்சில்லில் ஓடும் தனி நிரலை அது தொடாது. ஆகவே கருனியின் மூலநிரல் முழுமையாகக் கிடைத்த பின்னும், ஒலிவாங்கிகள் என்ன செய்கின்றன என்பது தெரியாமலே இருக்கலாம். மேலும், மாற்றிய நிரலைக் கருவி ஏற்க மறுப்பதைத் தடுக்கும் விதி 2007இல் வந்த 3ஆம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. கருனி இன்னும் 2ஆம் பதிப்பிலேயே உள்ளது.

இத்தகைய கோரிக்கைகளுக்கு லின்க்சிசு டபிள்யூ.ஆர்.டி.54ஜி திசைவி முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் லினக்சு இருப்பதை ஆர்வலர்கள் கண்டறிந்து வலியுறுத்தியதால் 2003இல் மூலநிரல் வெளியானது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது. ஆயினும் கம்பியில்லாப் பகுதியின் இயக்கி இருமமாகவே நீடித்தது.

கருவிகள்

ரீஸ்பீக்கர் ஒலிவாங்கி அணி 2.0, சென்செனைச் சேர்ந்த சீட் ஸ்டுடியோ வெளியிட்ட யூ.எஸ்.பி. கருவியாகும். இதில் 4 ஒலிவாங்கிகளும் பிரித்தானிய நிறுவனமான எக்ஸ்மோசின் எக்ஸ்.வி.எஃப்-3000 சில்லும் உள்ளன. இதன் நிலைபொருள் இரண்டு இருமக் கோப்புகளாகப் பொதுவில் கிடைக்கிறது. ஒன்று செயலாக்கப்பட்ட ஒலியை மட்டும் ஒரே தடத்தில் தரும். மற்றது ஆறு தடங்கள் தரும்: முதலாவது செயலாக்கப்பட்டது, அடுத்த நான்கும் ஒலிவாங்கிகளின் மூல ஒலி, கடைசியானது கருவி ஒலிப்பது. கணினியிலிருந்து அளவுருக்களை மாற்றும் பைத்தான் நிரல்கள் திறந்த மூலமாக உள்ளன. சில்லினுள் ஓடும் நிரல் அவ்வாறில்லை. ஆனால் மூல ஒலி நான்கு தடங்களில் கிடைப்பதால், மாணவர்கள் கற்றையாக்கத்தைத் தாமே கணினியில் எழுதிப் பார்க்கலாம். கனடாவின் சேர்புரூக் பல்கலைக்கழகத்தில் உருவான ஓடாசு என்னும் கட்டற்ற மென்பொருள் இப்பணிக்கு ஏற்றது. மூலநிரலுக்காகக் காத்திருப்பதை விட இவ்வழி பலருக்குப் பயன் தரும் எனலாம்.

மைக்ராஃப்ட் மார்க் 2 கருவிக்கு 2018இல் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. எஞ்சிய முன்பதிவுகளை நிறைவேற்ற இயலாது என 2023இல் அந்நிறுவனம் அறிவித்தது. அதன் குரல் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், ஓப்பன்வாய்சுஓஎசு போன்ற தன்னார்வத் திட்டங்கள் பணியைத் தொடர்ந்தன; ஏற்கனவே விற்கப்பட்ட கருவிகளும் பயனற்றுப் போகவில்லை. எனினும் அதிலிருந்த எக்ஸ்மோசு சில்லுக்கு, இயங்கத் தொடங்கும்போது ஏற்றப்படும் இருமக் கோப்பு தேவைப்பட்டது.

2024 திசம்பரில் வெளிவந்த ஓம் அசிசுடன்ட் வாய்சு முன்னோட்டப் பதிப்பு இவற்றிலிருந்து வேறுபட்டது. இரண்டு ஒலிவாங்கிகள் கொண்ட இக்கருவியில் ஈ.எசு.பி.32-எசு3 செயலியும் எக்ஸ்மோசு எக்ஸ்.யூ.316 சில்லும் உள்ளன. செயலியின் நிரலுடன், எக்ஸ்மோசு சில்லுக்கான நிலைபொருளின் மூலநிரலும் வெளியிடப்பட்டுள்ளது. ஒலிவாங்கியை நிறுத்தும் பொத்தானும் வன்பொருள் அளவிலேயே மின்சுற்றைத் துண்டிக்கிறது. நிலைபொருளை நம்பவேண்டிய தேவை அங்கு எழுவதில்லை.