ராத்திரி கரண்ட்

2019-ல ஒரு நைட் டூட்டி. மணி ஒன்றரை இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து அறுபது வயசுப் பெரியவர் ஒருத்தரை பைக்ல நடுவுல உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. கணுக்காலுக்கு மேல ரெண்டு பல் தடம். கால் வீங்கிக் கிடந்தது. கண்ணாடி விரியன். 20 நிமிஷ டெஸ்ட் போட்டோம், ரத்தம் உறையல. விஷமுறிவு மருந்து ஏத்த ஆரம்பிச்சோம்.

"ராத்திரில காட்டுக்கு எதுக்குய்யா போனீங்க?"

"கரண்ட் வந்துச்சு தம்பி. மோட்டார் போடப் போனேன்."

அப்போ விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் பகல்ல 6 மணி நேரம், ராத்திரி 3 மணி நேரம். ராத்திரிப் பங்கை விட்டா பயிர் காயும். இந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை கேட்டாச்சு. இதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேலான கதை இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

மதுரைச் சமவெளின்னு ஒரே பேர்ல சொல்றோம். தண்ணிக் கணக்குல பார்த்தா அது ரெண்டு ஊர். 1895-ல முல்லைப் பெரியாறு அணை திறந்தாங்க. மேற்கே ஓடிய ஆற்றை மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பி, வைகையில விட்டு, பேரணையில இருந்து கால்வாய் வெட்டி வாடிப்பட்டி, மதுரை வடக்கு, மேலூர் வரைக்கும் கொண்டு வந்தாங்க. அந்தப் பக்கம் நெல் விளைஞ்சது. தண்ணி தானா இறங்கி வந்தது. இறைக்க மாடும் வேணாம், எண்ணெயும் வேணாம்.

இந்தப் பக்கம் உசிலம்பட்டி, சேடபட்டி, பேரையூர், திருமங்கலம். மேட்டு நிலம். வானம் பார்த்த பூமி, கண்மாய், கிணறு, அவ்வளவுதான். 58 கிராமக் கால்வாய்க்கு எத்தனை வருஷம் போராடினாங்கன்னு உசிலம்பட்டிக்காரங்களைக் கேளுங்க. கால்வாய் வெட்டி முடிச்ச பிறகும், வைகை அணை 67 அடியைத் தொட்டாத்தான் தண்ணி. அணையோட முழு அளவே 71 அடி!

கிணத்துல கமலை கட்டி இறைச்ச காலத்துல ஒரு கட்டுப்பாடு இருந்தது. மாடு களைச்சிரும். முப்பது, நாப்பது அடிக்குக் கீழே தண்ணி போச்சுன்னா இறைக்கிறதை நிறுத்திட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கணும். நிலத்தடி நீரை அன்னைக்குக் காப்பாத்துனது சட்டம் இல்லை, மாட்டோட மூச்சு. (கமலை ஓட்டுனவங்க பட்ட பாட்டை நான் புகழல. அதுல தேய்ஞ்ச முதுகெலும்புகளை என் தாத்தா தலைமுறையில பார்த்திருக்கேன்.)

1932-ல நீலகிரி பைகாராவுல புனல் மின்சாரம் வந்தது. முதல்ல கோயம்புத்தூர் மில்லுக்கும், அப்புறம் அங்க இருந்த கிணறுகளுக்கும் போச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பி ஊர் ஊரா நீண்டது. 1957-ல மின்சார வாரியம் வந்தது. மோட்டார் வாங்க, கிணறு வெட்ட நிலவள வங்கி கடன் கொடுத்தது. 1969-ல 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கின பிறகு கடன் இன்னும் தாராளம். ஆனா கடனுக்கு நிலப் பத்திரம் வேணும். இங்க கவனிங்க, முதல் கோடு இங்கதான் விழுது. பத்திரம் இருந்தவருக்கு மோட்டார். அவர்கிட்ட தண்ணி வாங்கினவருக்கு விளைச்சல்ல ஒரு பங்கு போச்சு. நிலமே இல்லாதவருக்கு அவங்க ரெண்டு பேர் காட்டுலயும் கூலி.

1970 ஜூன் 19, பெருமாநல்லூர். யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடின விவசாயிகள் மேல போலீஸ் சுட்டதுல மூணு பேர் செத்தாங்க. ஒரு பைசாவுக்கா உயிரைக் கொடுத்தாங்கன்னு கேட்கத் தோணும். கிணத்துத் தண்ணியை நம்பினவருக்கு அது வெறும் ஒரு பைசா இல்லை. 1972-ல நாராயணசாமி நாயுடு தலைமையில மாட்டு வண்டிகளைக் கொண்டு போய் கோயம்புத்தூரையே அடைச்சாங்க. 1984-ல எம்ஜிஆர் அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1989-ல ஆட்சிக்கு வந்த கலைஞர் அரசு எல்லா விவசாயிகளுக்கும் அதை விரிச்சது.

"எல்லாம் ஓசி கரண்ட்டால வந்த வினை"ன்னு டவுன்ல ஏசி ரூம்ல உட்கார்ந்து சொல்றவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன். மேலூர்க்காரர் வயலுக்குப் பெரியாறு அரசாங்கக் காசுல வந்தது. உசிலம்பட்டிக்காரருக்கு அரசாங்கம் கொடுத்த கால்வாய் இந்த மின்கம்பிதான். அதை மட்டும் இலவசம்னு கேலி பண்றது என்ன நியாயம்?

ஆனா கால்வாய்த் தண்ணிக்கு மடை உண்டு, முறை உண்டு, யாருக்கு எவ்வளவுன்னு ஊருக்கே தெரியும். மீட்டரே இல்லாத மோட்டாருக்கு எது முறை? பெரும்பாலான விவசாய இணைப்புல இன்னைக்கும் மீட்டர் கிடையாது. எவ்வளவு மின்சாரம் போகுதுன்றது ஒரு மதிப்பீடுதான்.

நம்ம ஊர் கடினப் பாறை. தண்ணி பாறை வெடிப்புல மட்டும்தான் இருக்கும். கிணறு வத்துச்சு, சைடு போர் போட்டாங்க. அதுவும் வத்துச்சு, திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்தது. 300 அடி, 600 அடி, 900 அடி. ஒரு சின்னக் கணக்கு: ஆயிரம் லிட்டர் தண்ணியை 30 அடி தூக்க 0.025 யூனிட் போதும். 900 அடி தூக்க 0.75 யூனிட். மோட்டார், பைப் இழப்பு சேர்த்தா நிஜத்துல இதுல ரெண்டு மடங்குக்கு மேல. அதே தண்ணி, அதே தக்காளி, முப்பது மடங்கு கரண்ட். அந்தக் கரண்ட்ல பெரும்பகுதி நிலக்கரியில இருந்து வருது. நிலத்துக்கு அடியில ஒரு சேதம், வானத்துல இன்னொண்ணு.

இடையில கண்மாய் அனாதையாச்சு. சொந்த போர் இருக்குறவர் எதுக்குக் கரை மராமத்துக்கு வரப் போறார்? உள்ளே சீமைக் கருவேலம் ஏறுச்சு. கண்மாய் நிறைஞ்சாத்தான் பக்கத்துக் கிணறு ஊறும். அது நின்னதும் முதல்ல காய்ஞ்சது ஆழம் குறைஞ்ச, காசு குறைஞ்ச ஆளோட கிணறு.

2003-ல தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேத்தினாங்க. அது நடைமுறைக்கே வரல, 2013-ல ரத்து. மின்வாரியம் கடன்ல மூழ்கி, 2017-ல உதய் திட்டத்துல மாநில அரசு அதோட கடன்ல 22,815 கோடியைத் தன் தலையில ஏத்துக்கிட்டது. இலவச இணைப்புக்கு லட்சக்கணக்கானவங்க வரிசையில நின்னாங்க. அப்போ தட்கல்னு ஒரு வழி வந்தது: 5 குதிரைத் திறனுக்கு 2.5 லட்சம் கட்டினா சீக்கிரம் இணைப்பு. இலவச மின்சாரத்துக்கும் வேகமான வரிசை, மெதுவான வரிசை!

நம்ம பெரியவர் அந்த 2.5 லட்சத்தைக் கட்டினவர். மூணு போர் போட்டார். முதல் ரெண்டுலயும் புகைதான் வந்தது. ரிக் லாரிக்காரருக்குப் புகை வந்தாலும் அடிக்கு இவ்வளவுன்னு காசு உண்டு. மூணாவது 900 அடியில ரெண்டு இஞ்ச் தண்ணி. 2021-ல தமிழக அரசு 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி பண்ணுச்சு, 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. நல்ல விஷயம். ஆனா இவர் வாங்கினது பயிர்க்கடன் இல்லை. வட்டிக்கடைக் கடன், மனைவி பேர்ல வாரத் தவணைக் குழுக் கடன்.

அந்தம்மா வார்டுல கட்டில் பக்கத்துல தரையில உட்கார்ந்திருந்தாங்க. தண்டட்டி போட்டு வளர்த்த காது தோள் வரைக்கும் தொங்குது. காதுல ஒண்ணும் இல்லை. கேட்கலாமா வேணாமான்னு யோசிச்சுக் கேட்டேன். "போருக்குப் போச்சு தம்பி"ன்னாங்க, ஏதோ மழைக்கு நனைஞ்சதைச் சொல்ற மாதிரி.

இப்போ மானியத்துல சோலார் பம்ப் வருது. பகல்லயே இறைக்கலாம், பாம்புக்கடி குறையும், நிலக்கரிப் புகையும் இல்லை. ஒரு டாக்டரா எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா வெயில் இருக்குற வரைக்கும் ஓடுற மோட்டார் களைக்காத மாடு. பாறைக்குள்ள மிச்சம் இருக்குறதை யார் அளக்கப் போறாங்கன்ற கேள்வி அப்படியேதான் நிக்குது.

மூணாம் நாள் பெரியவருக்கு ரத்தம் உறைய ஆரம்பிச்சது. யூரின் அளவும் சரியாச்சு, கிட்னி தப்பிச்சது. இன்னும் ரெண்டு நாள் இருங்கன்னு சொன்னேன். "இந்த வாரம் ராத்திரி எத்தனை மணிக்குத் தம்பி கரண்ட் விடுவாங்க?"ன்னு அவர் பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டுட்டு இருந்தார்.