இம்பூறலும் சாயவேரும்: ஒரு மூலிகையின் சமூக வரலாறு

மூலிகையொன்றின் வரலாற்றை அதன் குணங்களைப் பட்டியலிடுவதோடு நிறுத்திக்கொள்வது எம்மிடையே நிலவும் வழக்கமாகும். அதனைத் தோண்டியவர் யார், அதனால் ஆதாயம் பெற்றவர் யார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. யாழ்ப்பாணத் தீவகத்தின் மணற்பாங்கான நிலத்தில் வளரும் இம்பூறல் இவ்வினாக்களைத் தவிர்க்கவியலாதன ஆக்குகின்றது.

சித்த மருத்துவம் இச்சிறு பூண்டினை இருமல், இரைப்பு, இரத்தங்கக்கல் ஆகியவற்றுக்கு விதித்தது. இதே பூண்டின் வேர் சாயத் தொழிலிலே சாயவேர் எனப்பட்டது. படிகாரத்தோடு சேர்ந்து பருத்தித் துணிக்கு மங்காத சிவப்பைத் தந்தது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சாயவேரைக் கம்பனியின் ஏகபோகமாக்கினர். வேர்குத்துதல் சாதியடிப்படையிலான ஊழியமாயிற்று. ஒரு பிரிவினரின் சாதிப்பெயரிலேயே அத்தொழில் ஒட்டிக்கொண்டது. செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் அரசர் பெயர் தாங்கி நிலைபெற்றன. வேரின் இயல்பை நிலத்திலே கண்டறிந்த உழைப்பாளிக்கோ அவ்வேர் தாழ்த்தப்பட்ட நிலையின் அடையாளமாயிற்று. அறிவின் உரிமையும் உழைப்பின் சுமையும் பிரிந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சாயவேருக்குச் சிவப்பூட்டும் அலிசரின் என்னும் பொருளை 1868இல் ஜெர்மானியரான கிரேபேயும் லீபர்மானும் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் இயற்கைச் சாயவேர்களின் சந்தை சரிந்தது. வைத்தியரின் இம்பூறலே எஞ்சியது.

இன்று மூலிகைகள் 'பாரம்பரியம்' என்னும் முத்திரையோடு மீண்டும் பண்டமாகின்றன. ஆயின் பழமை பாதுகாப்புக்குச் சான்றாகாது. அலிசரின் தரும் ஐரோப்பிய மஞ்சிட்டி வேரும் நெடுங்காலம் மருந்தாகப் பயன்பட்டது. பிற்கால ஆய்வுகளில் அது எலிகளுக்குப் புற்றுநோய் விளைவித்தமை அறியப்பட்டது. அம்முடிவை இம்பூறலுக்கு அப்படியே ஏற்றுதல் தகாது. ஆயினும் அதே கண்டிப்பான சோதனைக்கு அதனையும் உட்படுத்துதல் வேண்டும்.

மேலும், இரத்தங்கக்கல் தனியொரு நோயன்று. பல நோய்களின் குறி. அவற்றுள் ஒன்றாகிய காசநோயின் கிருமியை 1882இல் கொக் கண்டறிந்தார். இன்று ஏறத்தாழ ஆறு மாத மருந்துகளால் அதனைக் குணப்படுத்தலாம். நெடுந்தீவில் இரத்தங்கக்கும் ஒருவருக்கு முதலில் வேண்டுவது சளிப் பரிசோதனை. கடல் கடந்து குறிகட்டுவானுக்கு வந்தே மேற்சிகிச்சை தேடவேண்டியவர்க்கு 'மூலிகையே போதும்' என்று கூறுதல் மரபைப் போற்றுவதாகாது. மருத்துவ வசதியின்மைக்கு மரபின் பெயரால் நியாயம் கற்பிப்பதாகும். வேர்குத்தியோரின் வழிவந்தவர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன், சோதித்த மருந்தும் அருகிலோர் வைத்தியசாலையுமேயாம்.